இறுக்குவது வேறு, பொருத்துவது வேறு

தமிழில் கடலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அலை உண்டு, காற்று உண்டு, பாய் உண்டு, வலை உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கரையில் காத்திருக்கும் பெண்ணும் உண்டு. ஆனால் அவன் திரும்பி வருவதற்குப் பொறுப்பேற்று நீர்மட்டத்துக்குக் கீழே சுழன்றுகொண்டிருக்கும் ஓர் உலோகத் தண்டும், அதன் முனையில் உள்ள புரொப்பெல்லரும் நம் எழுத்தில் அநேகமாக இடம்பெற்றதில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் லாஞ்சுகள் வருகின்றன. வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் இடையே மூளும் பகை 1977இல் வெளிவந்த அந்நாவலின் உயிர்நாடிகளுள் ஒன்று. இயந்திரம் அங்கே ஒரு சமூக நிகழ்வாக வந்தது. நாவலிடம் அதற்குமேல் கேட்பது நியாயமன்று. கட்டுரையிடம் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும் என்பது நம் கருத்து.

புரொப்பெல்லரையும் தண்டையும் சரியாகப் பொருத்துவது வலிமையைச் சார்ந்த வேலையன்று, அளவைச் சார்ந்த வேலை. அந்த அளவுகள் தமிழில் எழுதிவைக்கப்படாத வரையில், அளவு இருக்க வேண்டிய இடத்தில் வலிமையே அமர்ந்திருக்கும். இதுவே இங்கு நாம் சொல்ல வருவது. இலக்கியம் வாசிப்பவர்களுக்கு நட்டும் மரையும் எதற்கு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வரக் கோருகிறோம்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு விதிக்கப்படும் இத்தடை முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்களாயிற்று. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமும் இதுவே. ஆண்டில் பத்து மாதம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகம் இந்த இரண்டு மாதத்தில்தான் வெயிலைக் காண்கிறது. பலகை மாற்றுவதும் சாயம் பூசுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற வேலைகள். தண்டு பொருத்துவது அப்படியன்று. படகு மீண்டும் நீரில் இறங்கியபின், அது எப்படிப் பொருத்தப்பட்டது என்பது பொருத்தியவருக்கு மட்டுமே தெரியும். கடலுக்கும் தெரியும், சற்றுத் தாமதமாக.

உள்ளே எஞ்சின் வைத்த படகின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். எஞ்சின் படகினுள் உறுதியான சட்டங்களின் மீது அமர்ந்திருக்கும். அதன் பின்னால் கியர் பெட்டி. கியர் பெட்டியின் வெளிமுகத்தில் ஒரு வட்டத் தட்டு உண்டு. தண்டின் உள்முனையில் இன்னொரு வட்டத் தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து போல்ட்டுகளால் பிணைப்பார்கள். இந்தப் பிணைப்புக்குக் கப்ளிங் என்று பெயர். தண்டு அங்கிருந்து அமரத்தை நோக்கிச் சற்றே சாய்ந்து இறங்கி, ஒரு குழாய் வழியாகப் படகின் உடலைத் துளைத்து வெளியேறுகிறது. நீர் உள்ளே வராதபடி அக்குழாயின் உள்வாயில் தண்டைச் சுற்றிக் கொழுப்பூட்டிய கயிற்று வளையங்களை வைத்து அழுத்தியிருப்பார்கள், அது கிளாண்டு. வெளியே தண்டைத் தாங்கும் புஷ். அதற்கும் அப்பால், கூம்பாகக் கடைந்த தண்டின் முனையில் புரொப்பெல்லர். அதன் பின்னால் சுக்கான்.

எஞ்சின் முதல் புரொப்பெல்லர் வரை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் அந்தக் கோட்டின் ஒரு முனை படகுக்குள்ளும் மறுமுனை கடலுக்குள்ளும் இருக்கிறது. நடுவில் இருக்கும் படகோ எடைக்கும் ஈரத்துக்கும் அலைக்கும் வளைந்து கொடுக்கும் பொருள். வேலையின் கடினம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடினத்தை முதலில் சந்தித்தவர்களின் வரலாறு கவனிக்கத்தக்கது. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836இல் கப்பலை உந்தும் திருகுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் திருகு மரத்தால் ஆனது. இரண்டு முழுச் சுற்றுகள் கொண்டது. 1837இல் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது எதிலோ மோதி அதில் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடிற்று. திருகு நீளமாக இருந்தால் உந்துதலும் மிகும் என்ற எண்ணத்தைக் கடல் ஏற்கவில்லை என்பதை அந்த விபத்து காட்டியது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. திருகு வைத்த கப்பல்கள் பெருகியபோது, தண்டின் வெளிமுனையைத் தாங்கிய உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்து போயின. தேயத் தேயத் தண்டு ஆடியது. ஆட ஆட இன்னும் தேய்ந்தது. உலோகத்தை உலோகத்தால் தாங்குவதில் அன்றைய பொறியியலுக்கு விடை கிடைக்கவில்லை. ஜான் பென் என்ற பொறியாளர் 1854இல் காப்புரிமை பெற்ற விடை, மரம். லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தின் பட்டைகளைத் தாங்கியின் உட்புறம் பதித்து, பட்டைகளுக்கிடையே நீர் ஓடும் வழி விட்டார். கடல்நீரே மசகாயிற்று. இன்றைய படகுகளில் மரப்பட்டைக்குப் பதில் ரப்பர் வரிகள் வந்துவிட்டன. ஆனால் தத்துவம் அதுவே. எதிர்த்து அடைக்க முயன்ற நீரை, அளந்து உள்ளே விட்டதுதான் தீர்வு. மேலும் இறுக்கியதன்று.

இனி நம் வாதத்துக்கு வருவோம். படகுத் துறைகளில் 'இறுக்கிவிட்டேன்' என்ற சொல் 'பொருத்திவிட்டேன்' என்பதற்குப் பதிலாகப் புழங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அந்தத் தண்டின் ஒவ்வோர் அங்குலமும் சாட்சி.

முதலில் புரொப்பெல்லர் அமரும் கூம்பு. புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் உள்ள துளையும் தண்டின் முனையும் ஒரே சரிவில் கடையப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க அங்குல முறையில் அச்சரிவு 16க்கு 1. மெட்ரிக் முறையில் 10க்கு 1. அதாவது 16 அங்குல நீளத்தில் விட்டம் ஓர் அங்குலம் குறைவது ஒரு முறை. 10 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவது இன்னொரு முறை. ஒரு முறையில் கடைந்த தண்டில் மறுமுறையில் கடைந்த புரொப்பெல்லரை ஏற்றினால் அது ஏறும். நட்டை முறுக்கினால் இறுகவும் செய்யும். கைக்கு அசைவே தெரியாது. ஆனால் உள்ளே இரண்டு உலோகங்களும் ஒரு விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். எஞ்சினின் முழு விசையும் அந்த மெல்லிய வளையத்தின் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். இறுக்கம் சொல்லும் பொய்களில் இது முதலாவது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி பழையது, மலிவானது. கூம்பில் நீல மையை மெல்லியதாகத் தடவி, புரொப்பெல்லரை ஏற்றி இறக்கிப் பார்த்தால் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பது தெரிந்துவிடும். பெரும்பரப்பு தொடவில்லையானால், வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, புரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றித் தேய்த்து இரண்டையும் இணங்க வைக்க வேண்டும். பிறகு பசையை ஒரு துகள் மிஞ்சாமல் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு முற்பகல் வேலை. இதில் வலிமைக்கு இடமே இல்லை.

அடுத்தது, கீ எனப்படும் சிறு உலோகக் கட்டை. தண்டிலும் புரொப்பெல்லரிலும் வெட்டிய பள்ளங்களில் இது பாதிப் பாதியாக அமர்கிறது. கீ இல்லாமல் புரொப்பெல்லரை ஏற்றி, அது எதுவரை போகிறது என்று தண்டில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பிறகு கீயை வைத்து ஏற்ற வேண்டும். அந்தக் கோட்டை மீண்டும் தொட்டால் பொருத்தம் சரி. தொடாமல் முன்னதாகவே நின்றால், புரொப்பெல்லர் கூம்பின் மீது அமரவில்லை, கீயின் முதுகில் அமர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது எவ்வளவு முறுக்கினாலும் அது மையம் தவறியே சுழலும். நாளடைவில் குடம் வெடிக்கலாம். கீப்பள்ளத்தின் முனையில் தண்டு விரிசல் விடலாம். ஒரே ஒரு பென்சில் கோடு தடுத்திருக்கக்கூடிய நாசம் இது.

மூன்றாவது, நட்டு. பல தண்டுகளில் இரண்டு நட்டுகள் உண்டு: ஒன்று தடித்தது, மற்றது அதில் பாதி உயரம் உள்ளது. தடித்ததுதானே பலம், அதை முதலில் போட்டு மெல்லியதைக் காவலுக்குப் போடுவோம் என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலோர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் இரண்டாவது நட்டை முறுக்கும்போது முதல் நட்டின் மரைகளிலிருந்து பாரம் விலகி, வெளிநட்டின் மரைகள் மீது ஏறிவிடுகிறது. பாரத்தைத் தாங்கப்போவது வெளிநட்டே. எனவே மெல்லியது முதலில், தடித்தது பிறகு. அதன்பின் பிரிமுனை ஊசி. இதைக் கேட்டவுடன் எவரும் மறுப்பார்கள். காரணத்தைச் சொன்னால் ஏற்பார்கள். காரணத்தைச் சொல்லும் ஒரு பக்கம் தமிழில் இருந்தால், மறுப்புக்கும் ஏற்புக்கும் இடையே ஒரு தலைமுறை கழிய வேண்டியதில்லை.

இனி கப்ளிங். இரண்டு வட்டத் தட்டுகளும் முகத்தோடு முகம் இணையாக நிற்கின்றனவா என்று பார்ப்பதே இவ்வேலை முழுவதன் இதயம். போல்ட்டுகளைப் பூட்டாமல், தட்டுகளைத் தொட்டும் தொடாமலும் நெருக்கி வைத்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்து இடைவெளியை அளக்க வேண்டும். தட்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி வேறுபடக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஆறு அங்குலத் தட்டுக்கு ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். இரண்டு தலைமயிரின் தடிமன். அளந்தபின் தண்டைக் கால் சுற்றுச் சுழற்றி மீண்டும் அளக்க வேண்டும். இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் கோணலாக அமர்ந்திருக்கிறது. தண்டோடு சேர்ந்து இடைவெளியும் சுற்றி வந்தால் தண்டோ தட்டோ வளைந்திருக்கிறது. ஒரே அளவுத் தகடு இரண்டு நோய்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறது.

அளக்கும்போது தண்டின் உள்முனை தன் எடையால் தொங்கி நிற்கும் என்பதையும் மறக்கலாகாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் எடையில் பாதியையும் தட்டின் முழு எடையையும் கணக்கிட்டு, தராசு மாட்டி அந்த அளவுக்குத் தூக்கிப் பிடித்தபின்தான் அளவு மெய்யாகும். தூக்காமல் அளந்து எஞ்சினைக் கீழிறக்கினால் தொங்கலுக்கு ஏற்ப எஞ்சினைக் கோணலாக்கியவர் ஆவோம்.

இவ்வளவையும் செய்யாமல் போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினாலும் தட்டுகள் சேர்ந்துவிடும். கண்ணுக்கு ஒரு மயிரிழை இடைவெளியும் தெரியாது. ஆனால் அப்போது சேர்ந்தவை தட்டுகள்; வளைந்தது தண்டு. நிமிடத்துக்கு 600 முறை சுழலும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 36,000 முறை. பத்து மணி நேரத்தில் 3,60,000 முறை. ஒரு கம்பியை முறிக்க நாம் கையால் இப்படியும் அப்படியும் வளைப்பதில்லையா? அதையே எஞ்சின் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறது. தண்டு முறிவதற்கு முன்பே கியர் பெட்டியின் தாங்கி ஓசையிடும், ரப்பர் புஷ் ஒரு பக்கமாகத் தேயும், கிளாண்டில் நீர் மிகும்.

நீர் மிகுந்ததும் செய்யப்படுவது என்ன? கிளாண்டை இறுக்குவது. கிளாண்டு என்பது முற்றிலும் அடைத்து நிற்க வேண்டிய ஒன்றன்று. தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளி நீர் சொட்ட வேண்டும்; அந்தத் துளிகளே கயிற்றையும் தண்டையும் குளிர்விக்கின்றன. சொட்டே இல்லாமல் இறுக்கினால் கயிறு கருகும். தண்டில் வரி விழும். வரி விழுந்த தண்டில் எந்தக் கயிறும் நில்லாது. நேர்கோட்டில் இல்லாத தண்டின் குற்றத்துக்குக் கிளாண்டைத் தண்டிப்பது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றது.

இங்கே ஒரு கேள்வி எழக்கூடும். இப்போது நெகிழ்வுக் கப்ளிங்குகள் வந்துவிட்டனவே, தட்டுகளுக்கிடையே ரப்பரை வைத்தால் கோணலை அது விழுங்கிவிடாதா? விழுங்காது, மறைக்கும். எஞ்சின் ரப்பர் கால்களின் மீது நின்று குலுங்கும்போது எழும் அதிர்வைத் தணிப்பதே அதன் வேலை. முதலில் கெட்டியான தட்டுகளை முகத்தோடு முகம் அளந்து சரிசெய்த பிறகே ரப்பரை இடையில் வைக்க வேண்டும். கோணலை அதன்மேல் சுமத்தினால், ஓசை அடங்கும், தேய்மானம் தொடரும். ஓசை அடங்கியதே கேடு. ஏனெனில் ஓசைதான் எச்சரிக்கை.

காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லும் மூத்த மிஸ்திரிகள் நம் துறைகளில் உண்டு. அவர்களை நாம் மறுக்கவில்லை. ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைக் கியர் பெட்டியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நோயைச் சொல்லும் கைத்தேர்ச்சி எளிதில் வருவதன்று. ஆனால் காது சொல்வது பின்னால். அளவுத் தகடு சொல்வது முன்னால். காது சொல்லும்போது கொஞ்சம் உலோகம் ஏற்கெனவே போயிருக்கும். மேலும், காதை மகனுக்குக் கொடுக்க முடியாது. அளவைக் கொடுக்கலாம்.

நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. இறுதி அளவைக் கரையில் எடுக்கக் கூடாது. படகு கட்டைகளின் மீது நிற்கும்போது அதன் எடை சில இடங்களில் மட்டும் இறங்குகிறது. நீரில் மிதக்கும்போது உடல் முழுவதும் தாங்கப்படுகிறது. இரண்டு நிலைகளிலும் படகின் வடிவம் ஒன்றல்ல. மரப்படகானால், இரண்டு மாத வெயிலில் சுருங்கிய பலகைகள் நீர் குடித்து விரியவும் வேண்டும். ஆகவே கரையில் தோராயமாகப் பொருத்தி, நீரில் இறக்கி, டீசலும் நீரும் வழக்கமான அளவு ஏற்றி, குறைந்தது ஒரு நாளாவது மிதக்க விட்டு, அதன்பின் கப்ளிங்கைப் பிரித்து மீண்டும் அளக்க வேண்டும். கரையில் எடுத்த அளவு எவ்வளவு துல்லியமாயினும் அது வேறொரு படகின் அளவு.

தடைக்காலத்தின் முடிவில் இந்த ஒரு நாள்தான் முதலில் பலியாகிறது. ஜூன் 14 நள்ளிரவை எதிர்நோக்கிக் கடனும் வட்டியும் காத்திருக்கும்போது, மிதக்கும் படகைச் சும்மா நிறுத்திவைப்பது வீண் என்று தோன்றும். அந்த ஒரு நாளை 61 நாட்களுக்குள் அடக்குவது இயலாத காரியமன்று. படகை நீரில் இறக்கும் நாளை முன்னதாக வைத்தால் போதும். அதைப் பழக்கமாக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

புரொப்பெல்லரின் அளவைத் தேர்வதிலும் இதே மயக்கம் உண்டு. புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று விட்டம். மற்றொன்று பிட்ச்: மரத்தில் திருகாணி போவது போலக் கெட்டிப் பொருளில் ஒரு சுற்றில் அது எவ்வளவு முன்னேறும் என்பதன் அளவு. படகு சுமையோடு, எஞ்சின் முழு விசையில் ஓடும்போது, எஞ்சின் செய்தவர் குறித்த உச்சச் சுழற்சியை அது எட்ட வேண்டும். எட்டாமல் கரும்புகை கக்கினால் புரொப்பெல்லர் அந்த எஞ்சினுக்குப் பெரியது. ஒரே வேகத்தில் சுழலும் ஒரே வடிவுடைய புரொப்பெல்லர்களில் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் தேவைப்படும் விசை ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடுகிறது, ஏனெனில் அது விட்டத்தின் ஐந்தாம் படியைப் பின்பற்றுகிறது. இழுவலைப் படகுக்கு இன்னொரு சங்கடம்: வலையை இழுக்கும்போது ஏற்ற அளவு, வெறுமனே ஓடும்போது ஏற்றதன்று. எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த படகுக்காரர் பெரிதாகப் போட்டார் என்பதற்காகப் போடுவது முடிவன்று.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? பல துறைமுகங்களில் பிடித்த மீனின் வருமானத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்த பிறகே உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். பொருந்தாத புரொப்பெல்லரும் கோணல் தண்டும் குடிக்கும் கூடுதல் டீசல் அந்தப் பொதுச் செலவில் சேர்ந்துவிடுகிறது. புரொப்பெல்லரைத் தேர்வதில் எந்தப் பங்கும் இல்லாத, வலை இழுக்கும் கையும் அதன் தண்டத்தைக் கட்டுகிறது. அவருக்கு அது மீன் குறைந்ததாகவே தெரியும். இது வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று எவரேனும் சொல்வாராயின், இந்தக் கணக்கை அவர்முன் வைப்போம்.

டீசலைவிடப் பெரிய விலையும் உண்டு. கப்ளிங் கழன்று தண்டு பின்னோக்கி வழுகினால் புரொப்பெல்லர் சுக்கானில் மோதும். உந்துதலும் திசையும் ஒருங்கே போகும். தண்டு முழுவதும் வெளியேறிவிட்டால், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் நீரை உள்ளே விடும். தண்டின் உட்புறத்தில், கிளாண்டுக்கு முன்னால் ஒரு வளையத்தைப் பூட்டிவைத்தால் தண்டு வழுகி வெளியே போகாது. அந்த வளையம் இல்லாத படகில் அதன் விலை படகுதான்.

பாக்கு நீரிணையில் இதற்கு இன்னொரு பொருளும் சேர்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோடு இராமேசுவரத்துக்கு மிக அருகில் ஓடுகிறது. உந்துதல் இழந்த படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். கோடு அதற்குத் தெரியாது. எல்லை தாண்டியதற்கான காரணங்கள் பல, அவற்றில் வேண்டுமென்றே போவதும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பழுதாகி மிதந்து போன படகில் இருந்தவருக்கு, ஒரு கீயின் உயரம் சிறைவாசமாக மாறக்கூடிய கடல் அது. ஒரு மில்லிமீட்டரின் பகுதிகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதன் நியாயம் அங்கே இருக்கிறது.

கட்டுமரத்துக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அது அலையின் மீதேறி மணலில் வந்து விழும்; இழுத்துப் போடலாம். அடியில் தண்டும் புரொப்பெல்லரும் நீட்டிக்கொண்டிருக்கும் படகால் அது முடியாது. இந்தியாவும் நார்வேயும் 1952இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் இயந்திரப் படகுத் திட்டம் தொடங்கிய காலம்தொட்டு, இயந்திரம் போன இடமெல்லாம் துறைமுகத்தையும் கேட்டது. கடற்கரை ஊர்களின் வரைபடத்தையே மாற்றிய பொருள் இந்தப் புரொப்பெல்லர். எழுபது ஆண்டுகள் கழிந்தபின்னும் அதைப் பொருத்தும் முறையைத் தமிழ் உரைநடை பேசவில்லையென்றால் குறை யாருடையது?

மொழிக்கு வலுவில்லை என்று சொல்வதற்கில்லை. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'கப்பல் சாத்திரம்' என்ற தமிழ் நூல் மரக்கலம் கட்டும் அளவுகளைச் சொல்ல முயன்றது. அணியம், அமரம், சுக்கான், பாய்மரம் என்று பெயர்கள் நம்மிடம் உள்ளன. கப்ளிங், கிளாண்டு, புஷ், கீ ஆகியவையும் இன்று நம் சொற்களே. படகுத் துறையின் நாவில் அவை தமிழாகிவிட்டன. அவற்றுக்கு ஈடாகப் புதுச் சொற்களை ஆக்கித் தந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் கலைச்சொல் ஆர்வத்தில் நமக்கு நம்பிக்கை குறைவு. வேண்டுவது பெயர்ச்சொற்கள் அல்ல, வாக்கியங்கள். 'மெல்லிய நட்டு முதலில், ஏனெனில்' என்று தொடங்கும் வாக்கியம். அந்த 'ஏனெனில்' தான் இன்று வாய்மொழியில் தொலைந்துபோகிறது. செய்முறை கையிலிருந்து கைக்குப் போய்விடுகிறது, காரணம் போவதில்லை. காரணம் தெரியாத செய்முறை, அவசரம் வந்தவுடன் முதலில் கைவிடப்படுகிறது.

நல்ல உரைநடைக்குரிய குணங்கள் என்று இலக்கிய இதழ்களில் நாம் எவற்றைப் போற்றுகிறோம்? துல்லியம், மிகையின்மை, ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் பகுதிகள். தண்டு பொருத்துபவரும் இவற்றையே நாடுகிறார். அவரிடம் எழுத நேரமில்லை. எழுதத் தெரிந்த நம்மிடம் அவர் அறிவு இல்லை. துறைமுக ஊர்களில் வாசகர்கள் நமக்கு இருக்கிறார்கள். தடைக்காலம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. மிஸ்திரியின் அருகில் ஒரு குறிப்பேட்டுடன் சில நாட்கள் உட்கார்ந்து, அவர் செய்வதையும் அதன் காரணத்தையும் அவருடைய சொற்களிலேயே எழுதி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்தி வெளியிடுங்கள். பத்துப் பக்கம் போதும். இன்னொரு கடல் கவிதைக்கு நாம் காத்திருக்கலாம். அந்தப் பத்துப் பக்கம் அடுத்த ஜூன் மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.